மூன்று நாற்காலி கணக்கு

சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நல்ல கனமான ஆள் ஒருவன் என் மடியில் வந்து உட்கார்ந்தான்.

பஸ்ஸில் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் இல்லை. ஒரு காலேஜ் வகுப்பறையில், கரும்பலகைக்கு முன்னால். மேடம் கை தட்ட, பின் பெஞ்ச் விசில் அடிக்க...

காரணம்? லீனியர் அல்ஜீப்ரா.

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் படிப்பு எவ்வளவு என்று தெரியும். பத்தாவதோடு வீட்டை விட்டுக் கிளம்பியவன். லாரியில் கிளீனர், பெல்லாரியில் ஹோட்டல், கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி, கிரானைட் பட்டறை... எங்கெங்கோ. சாப்பிடாத நாட்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டில் படுத்த நாட்கள் உண்டு. அதைப் பெரிய துயரமாக நான் நினைத்ததில்லை. பக்கத்தில் நிறையப் பேர் படுத்திருந்தார்கள். நடுவில் ஏதோ ஒரு வீம்பில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதித் தேறினேன். அதன் பிறகு படிப்பும் நானும் வழியில் பார்த்துக்கொண்டால் தலையசைப்பதோடு சரி.

இப்போது ஓசூரில் இருக்கிறேன். ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காம்பவுண்ட், அதில் ஒரு மாடி ரூம். பார்சல் ஆபீஸில் பில் போடும் வேலை. வாரத்துக்கு ஒருமுறை உங்களோடு இந்த அரட்டை.

பார்சல் ஆபீஸுக்கு முன்னால் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். ஒருநாள் அங்கே ஒரு ரோபோ கையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெட்டியை எடுக்கும், திரும்பும், வைக்கும். மறுபடி எடுக்கும். அதை நிறுவ வந்த இன்ஜினியரிடம், "இதுக்கு எப்படிப்பா தெரியுது, எந்தப் பக்கம் திரும்பணும்னு?" என்று கேட்டேன்.

"எல்லாம் மேட்ரிக்ஸ்தான் சார்" என்று சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

அடுத்த மாதம் பேக்கிங்கில் பாதிப் பேரைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன். வருத்தமில்லை, எப்படியும் கிளம்பியிருப்பேன். ஆனால் என் வேலையை எடுத்துக்கொண்டது யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டா இல்லையா?

அந்தக் கேள்வி மனசில் கிடந்தது. அதைக் கிளறிவிட்டவன் பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து.

சுடலைமுத்துவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். தொலைதூரக் கல்வியில் பி.எஸ்ஸி. கணிதம் சேரப் போவதாகச் சொன்னான். டிகிரி இருந்தால் குவாலிட்டி செக்‌ஷனுக்குப் போகலாமாம்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிளாஸு, அண்ணாச்சி. தனியாப் போவ ஒரு மாதிரி கூச்சமா இருக்கு. நீங்களும் வாங்களேன்."

"என்ன பாடம்?"

"மொத பேப்பரே லீனியர் அல்ஜீப்ரா. மேட்ரிக்ஸு கீட்ரிக்ஸுன்னு என்னமோ போட்டிருக்கான்."

மறுநாளே ஃபீஸ் கட்டிவிட்டேன்.

சூளகிரி போகும் வழியில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு காலேஜ். ஞாயிறுகளில் அதன் ஒரு வகுப்பறையை எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஹேமா மேடம். ராயக்கோட்டைக்காரர். என் வயதில் பாதி இருக்கும். முதல் நாள் வருகைப் பதிவு எடுக்கும்போது என்னைப் பார்த்து எழுந்து நின்றார், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆள் என்று நினைத்து.

நல்ல டீச்சர். அவருடைய கணக்குகளில் பெரும்பாலும் தக்காளிதான் வரும். இந்த லாரியில் இத்தனை கிரேட் பெட்டி நாட்டுத் தக்காளி, இத்தனை கிரேட் பெங்களூர்த் தக்காளி, மொத்தம் இவ்வளவு... அந்த லாரியில் அத்தனை, மொத்தம் அவ்வளவு. ஒவ்வொன்றிலும் ஒரு கிரேட் என்ன விலை? இரண்டு தெரியாத எண்கள், இரண்டு சமன்பாடுகள். எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு மைனஸ் குறியை எங்காவது தொலைத்துவிடுவேன். என் கணக்கில் தக்காளிக்காரன் லாரிக்காரனுக்குக் காசு கொடுத்துத் தக்காளியும் கொடுத்து அனுப்புவான்.

"சில சீசன்ல அப்படியும் நடக்கும் சார். ஆனா இந்தக் கணக்குல இல்ல" என்பார் மேடம்.

ஏ-யையும் பி-யையும் பெருக்கினால் வருவதும், பி-யையும் ஏ-யையும் பெருக்கினால் வருவதும் மேட்ரிக்ஸ் உலகத்தில் வேறு வேறு என்று ஒரு வாரம் சொன்னார். வகுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டும் மூணும் ஆறு, மூணும் ரெண்டும் ஆறு. இதில் என்ன வேறு?

"கார்டு பஞ்ச் பண்ணிட்டு டீ குடிக்கறதும், டீ குடிச்சிட்டு பஞ்ச் பண்றதும் ஒண்ணாப்பா?" என்றார் மேடம்.

வகுப்பு உடனே ஒத்துக்கொண்டது. பாதிப் பேர் அதில் அரைநாள் சம்பளம் இழந்தவர்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுடலைமுத்துவின் வீட்டில் அந்தச் சிக்கல் வந்தது.

அவன் மனைவி பெயர் நாகவேணி. பேரிகைப் பெண். வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். இங்கே வேறொரு கம்பெனியில் அசெம்ப்ளி வேலை. இவர்களுக்கு மித்ரா என்று நான்கு வயதுப் பெண் குழந்தை. அம்மாவிடம் தெலுங்கு, அப்பாவிடம் தமிழ், கீழ்வீட்டு கௌரம்மா அக்காவிடம் கன்னடம். அப்பா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு என்னை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடும். பேரன் எடுக்கும் வயதில் எனக்கு இப்படி ஒரு தங்கை.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. ஏ என்றால் காலை, பி என்றால் மதியம், சி என்றால் இரவு. வாரத்துக்கு ஒருமுறை மாறும். ஏ-யில் இருந்தவன் பி-க்குப் போவான், பி-யில் இருந்தவன் சி-க்கு, சி-யில் இருந்தவன் மறுபடி ஏ-க்கு. இரண்டு கம்பெனியிலும் இதே சுற்று. இவன் ஏ என்றால் வேணி பி. இவன் பி என்றால் அவள் சி. எப்போதும் அவனுக்கு ஒரு படி முன்னால் அவள்.

நீங்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் தெருமுனையில்தான் இரண்டு கம்பெனி பஸ்ஸும் நிற்கும். இவன் பஸ் வந்து நிற்கும், இறங்குவான். அவள் பஸ் ஹாரன் அடிக்கும், ஏறுவாள். நடுவில் மித்ரா இந்த இடுப்பிலிருந்து அந்தத் தோளுக்குத் தாவும். "சோறு மூடி வச்சிருக்கேன்." "சரி." "கண்ணுக்கு மருந்து போட்டாச்சு." "சரி." அவ்வளவுதான் பேச்சு. அவர்கள் குடும்பம் நடத்தியது வீட்டில் இல்லை, பஸ் ஸ்டாப்பில்.

குறை சொல்லவில்லை. குழந்தை ஒருநாள்கூடத் தனியாக இருந்ததில்லை. யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில்.

திடீரென்று வேணியின் கம்பெனியில் ஒரு நோட்டீஸ். வருகிற மாதத்திலிருந்து ஷிஃப்ட் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். ஏ-யிலிருந்து சி. சி-யிலிருந்து பி. பி-யிலிருந்து ஏ.

ஏன்? யாருக்குத் தெரியும். எங்கோ யாரோ ஏசி ரூமில் யோசித்திருப்பார்கள்.

சுடலைமுத்து தன் சூப்பர்வைசரிடம் போய்ப் பேசிப் பார்த்தான். "உன் பொண்டாட்டிக்காக லைனைத் திருப்பிச் சுத்தச் சொல்றியா?" என்று அவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

வேணியின் கம்பெனியில் ஒரே ஒரு சலுகை. மூன்று குரூப் இருக்கிறது. முதல் வாரம் ஏ-யில் தொடங்கும் குரூப், பி-யில் தொடங்கும் குரூப், சி-யில் தொடங்கும் குரூப். யாருக்கு எது வேண்டுமோ சனிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கலாம். அதன் பிறகு மாற்ற முடியாது.

"இதுல சரியான குரூப்பப் புடிச்சிட்டாப் போதும், அண்ணாச்சி" என்றான் சுடலைமுத்து. "ஆரம்பம் சரியா அமைஞ்சிட்டா எல்லாம் சரியாயிரும் பாத்துக்கிடுங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்?

அவன் தொடங்குவது ஏ-யில். அதனால் வேணி பி-யில் தொடங்குவது போல அவன் வீட்டுச் சுவரில் கரியால் போட்டோம். முதல் வாரம் சரி. இரண்டாவது வாரம் சரி. மூன்றாவது வாரம் இரண்டு பேருக்கும் சி. இரவு முழுக்க இருவரும் வீட்டில் இல்லை. அழித்தோம். அவள் சி-யில் தொடங்குவது போலப் போட்டோம். இரண்டாவது வாரமே இரண்டு பேருக்கும் பி. ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு, மறந்துபோய், பழையபடி பி-யிலிருந்து தொடங்குவோம். மறுபடி முட்டும்.

கௌரம்மா அக்கா ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். முழு ஷிஃப்டுக்கும் பார்க்க முடியாது. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்கு வேறு போயாக வேண்டும்.

வேணி எங்களைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி வாட்டி போட்டாலும் அதேதான் வருது. அந்தச் சுவரு என்னா பண்ணுச்சு? மறுபடி மறுபடி கரியால எழுதினு..."

"நீ சும்மா இரு. நாங்க கணக்குப் படிக்கோம்லா."

"நல்லாப் படிக்கிறீங்க. எங்கம்மா போன் பண்ணுச்சு. மித்ராவக் கொண்ணாந்து பேரிகையில உட்டுடு, தக்காளிக் காட்டுல மத்த பசங்களோட அதும் வளர்ந்துக்கும்ங்குது. ஞாயித்துக்கிழம வந்து பாத்துக்கோங்குது." வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "வாரத்துக்கு ஒருநாள் பாக்கறதுக்கு நான் எதுக்குப் பெத்தன்? அதுக்கு வேலைய விட்டுட்டுப் போறன்."

 அவள் அந்த வேலைக்கு எப்படிச் சேர்ந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் ஊரிலிருந்து கம்பெனி பஸ் ஏறிய முதல் பெண்களில் அவளும் ஒருத்தி. இன்றைக்கு லைன் லீடருக்கு அடுத்த இடத்தில் நிற்கிறாள். வேலையா, குழந்தையா? சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

அந்த வார ஞாயிறுதான் வகுப்பில் பெர்ம்யூட்டேஷன் மேட்ரிக்ஸ் என்று ஒன்று வந்தது. வரிசையும் பத்தியுமாகச் சில சைபர்கள், சில ஒன்றுகள். வேறு எதுவும் இல்லை. "இது எண்ணைக் கூட்டாது, குறைக்காது. இடத்தை மட்டும் மாத்தும்" என்றார் மேடம். "முதல் இடத்துல இருக்கறவரு ரெண்டாவதுக்கு, ரெண்டாவது ஆள் மூணாவதுக்கு, மூணாவது ஆள் முதலுக்கு..."

சுடலைமுத்து கையைத் தூக்கினான். அவன் வகுப்பில் கை தூக்கி நான் பார்த்ததே இல்லை.

"மேடம், இது எங்க ஷிஃப்ட்டுல்லா?"

மேடத்துக்குப் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னான். கூச்சப்படாமல், எல்லார் முன்னாலும், குழந்தை பேரிகை போவது வரைக்கும் சொன்னான். மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். மூன்று நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டார். ஏ, பி, சி.

"நீங்க நீங்களே. ஏ-யிலேர்ந்து பி, பி-யிலேர்ந்து சி. உங்க மிஸஸ் யாரு?"

சுடலைமுத்து என்னைக் காட்டினான்.

"வேணி அக்கா மீசையோட வந்திருக்காங்க மேடம்!" என்றது பின் பெஞ்ச்.

மேடம் ஒருமுறை கை தட்டினால் ஒரு வாரம். தட்டும்போது அவன் இந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர வேண்டும், நான் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர வேண்டும். அவன் ஏ-யில், நான் பி-யில். தட்டல். அவன் பி, நான் ஏ. வழியில் தோள் இடித்துக்கொண்டோம். மறுபடி தட்டல். நான் போய் சி-யில் உட்கார்ந்தேன். அவன் திரும்பிப் பார்க்காமல் அதே சி-யில், அதாவது என் மடியில்...

விசில் அப்போது அடித்ததுதான்.

"இன்னொரு ஆரம்பம்" என்றார் மேடம், சிரிக்காமல். நான் சி-யில் தொடங்கினேன். இந்த முறை முதல் தட்டலிலேயே பி நாற்காலியில் அவன் மடியில் நான். நாற்காலி கிரீச் என்றது.

"அண்ணா, பொறுமை. ஃபர்ஸ்ட் நைட் கூட ஆகல!" மீண்டும் பின் பெஞ்ச்.

மேடம் பலகைக்குப் போனார். அவன் சுற்றுக்கு ஒரு மேட்ரிக்ஸ், என் சுற்றுக்கு ஒரு மேட்ரிக்ஸ். இரண்டையும் எழுதினார். இது முன்னால் தள்ளுகிறது, அது பின்னால் தள்ளுகிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஒவ்வொரு வாரமும் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வாரத்தில் மூன்று தூரங்களையும் தொட்டுவிடும். அதில் ஒன்று சைபர்.

"அதனால, எந்த குரூப்ல ஆரம்பிச்சாலும் மூணு வாரத்துக்கு ஒரு வாரம் நீங்க முட்டித்தான் ஆகணும். வேற வழியே கிடையாது. இது நிரூபணம்."

வகுப்பு அதை நோட்டில் எழுதிக்கொண்டது. விசில்காரனும்தான்.

எனக்கு வேறு ஏதோ ஓடியது. எத்தனை ஊரில் ஆரம்பித்திருக்கிறேன்! ஒவ்வொரு முறையும் புது ஊர், புது வேலை, இந்தத் தடவை ஆரம்பம் சரியாக அமைந்துவிட்டது என்ற நினைப்பு. பிறகு ஒருநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நானும் ஆரம்பத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர்கள்தான் மாறின. மேட்ரிக்ஸ் மாறவே இல்லை.

"அப்போ வழியில்லையா மேடம்?" சுடலைமுத்துவின் குரல் தாழ்ந்திருந்தது.

"முட்டாம இருக்க வழியில்ல. ஆனா எங்க முட்டுறதுங்கறது உங்க கையிலதான் இருக்கு. பி-யில ஆரம்பிச்சா சி-யில முட்டுனீங்க. சி-யில ஆரம்பிச்சா பி-யில. மூணாவது குரூப்பப் போட்டுப் பாத்தீங்களா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

போட்டுப் பார்க்கவில்லை. அவனும் ஏ, அவளும் ஏ, முதல் வாரமே முட்டுகிறதே! ஆரம்பமே சரியில்லாததை யாராவது எழுதிப் பார்ப்பார்களா? அவன் வீட்டுச் சுவரில் அந்தக் குரூப்புக்கு இடமே இல்லை.

எழுந்து போய் ஏ நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் வெட்கத்தோடு வந்து மடியில் உட்கார்ந்தான். தட்டல். பிரிந்தோம். தட்டல். தனித்தனி. தட்டல். மறுபடி ஏ-யில் மடி.

"எப்பவும் ஏ-யில மட்டும்தான் முட்டுது..." என்று முனகினான். "ராத்திரி முட்டல. ரெண்டு மணிக்கெல்லாம் நான் வீட்டுக்கு வந்துருவேன். பத்து மணிக்குப் பால்வாடி தொறந்துரும். அப்ப காலையில மட்டும்தான, அண்ணாச்சி!"

என் மடியில் உட்கார்ந்துகொண்டே சொன்னான்.

நாங்கள் பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தான். நான் கேட்காத கேள்வி எங்கள் நடுவில் உட்கார்ந்து வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு வாரம், விடியலிலிருந்து பால்வாடி திறக்கும் வரை குழந்தையோடு யார் இருப்பது? கௌரம்மா அக்கா பூ மார்க்கெட்டில் இருப்பார். மித்ராவுக்குப் பழகிய முகமாக இன்னொருவர் வேண்டும். காம்பவுண்டில் காலையில் வேலைக்குப் போகாத ஆள் ஒருவன்தான். பார்சல் ஆபீஸ் திறப்பதே பத்தரைக்கு.

அன்று சாயங்காலம் வேணியிடம் நானே சொன்னேன். "ஏ குரூப்னு எழுதிக் குடும்மா. அந்த வாரம் காலையில நான் பாத்துக்கறேன்."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. உங்க மேல மரியாத இருக்குது. ஆனா உங்கள நம்பி நான் எழுதிக் குடுக்க முடியாது."

"ஏளா..." என்று சுடலைமுத்து பதறினான்.

"நீங்க சும்மா இருங்க. நான் கேக்கறன்." என்னைப் பார்த்தாள். "உங்க ரூம்ல கதவுக்குப் பின்னாடி ஒரு பை தொங்குதே, நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? காபி குடுக்க வர்றப்ப எல்லாம் பாக்கறன். வந்த நாள்லேர்ந்து அப்படியே ரொம்பித்தான் தொங்குது. குளிச்சிட்டு துணிய அதுலேர்ந்து எடுக்கறீங்க, தொவச்சி அதுலயே வெக்கிறீங்க. ஒருநாள் காலையில நீங்களும் இருக்க மாட்டீங்க, பையும் இருக்காது. அன்னிக்கி ஏ ஷிஃப்டா இருந்துச்சுன்னா? எம் பொண்ணு கதவத் தட்டிட்டு நிக்கும்."

 அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. சரி என்று சொல்லிவிட்டு என் ரூமுக்கு வந்துவிட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்தால் அந்தப் பை நேர் எதிரே. இரண்டு சட்டை, லுங்கி, போர்வை, சோப்பு டப்பா, சார்ஜர். அதை மாட்டிய ஆணி வீட்டுக்காரர் அடித்தது இல்லை, நான் வந்த அன்றைக்கே அடித்தது. ஒரு ஊருக்கு வந்ததும் நான் முதலில் செய்யும் வேலை, கிளம்புவதற்குத் தயாராவது.

'நான் எங்கேயும் போக மாட்டேன்' என்று போய்ச் சத்தியம் செய்திருக்கலாம். ஆனால் பத்து வருஷம் லைனில் நின்ற பெண் அவள். வாயால் சொல்வதை அவள் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டாள். மேடம் மட்டும் என்ன, நாற்காலி போட்டு நடக்கவிட்ட பிறகுதானே நாங்கள் நம்பினோம்?

புதன்கிழமை பார்சல் ஆபீஸிலிருந்து வரும் வழியில் ஒரு பிளாஸ்டிக் ரேக் வாங்கினேன். நாலு தட்டு. சட்டைகளை மடித்து ஒன்றில் வைத்தேன். போர்வை ஒன்றில். சோப்பு டப்பாவுக்கு ஒரு தட்டு தனியாக. ரொம்ப ஆடம்பரமாகத்தான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"என்னாண்ணா, கெளம்பிட்டீங்களா?" என்றாள் வேணி. முகம் இறுகியிருந்தது.

"பாப்பாவுக்கு மாத்துத் துணி, தட்டு, டம்ளர் எல்லாம் வெச்சு அனுப்பப் பை வேணும்ல? என்கிட்ட இது சும்மா கிடக்கு."

அவள் பையை வாங்கினாள். உள்ளே பார்த்தாள். தலைகீழாகப் பிடித்து உதறினாள். ஒரு பழைய பஸ் டிக்கெட்டும் கொஞ்சம் பாக்குத் தூளும் விழுந்தன. மித்ரா ஓடிவந்து டிக்கெட்டை எடுத்துக்கொண்டது.

வேணி ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். பாதியில் நின்றது.

"ஜிப்பு போயிருக்குதேண்ணா."

"ஆமா, ரொம்ப நாளா."

"தெச்சிக்கலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பெயர் கொடுத்துவிட்டாள். ஏ குரூப்.

முதல் ஏ வாரம் வந்தது. விடியும் நேரத்தில் சுடலைமுத்து குழந்தையைத் தோளில் தூங்கத் தூங்கக் கொண்டுவந்து என் பாயில் படுக்கவைத்தான். பையை ரேக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினான். கொஞ்ச நேரம் கழித்து வேணி எட்டிப் பார்த்துவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள். தெருமுனையில் அன்றைக்குக் கைமாற்ற யாரும் இல்லை.

மித்ரா எழுந்து, கண்ணைக் கசக்கி, "அம்மா ஏதி?" என்று தெலுங்கில் கேட்டது. கம்பெனி என்றேன். "நைனா?" அவனும் கம்பெனி. யோசித்தது. "நீ எந்தக் கம்பெனி?" என்று தமிழில் கேட்டது. இட்லி வாங்கிக் கொடுத்து அந்தக் கேள்வியைச் சமாளித்தேன். பால்வாடி டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தை சொல்லிவிட்டது: "அண்ணாச்சி."

டீச்சர் இன்னும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

மேட்ரிக்ஸ் என்ன செய்யும் என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். சிக்கலைத் தீர்த்துவைக்காது. எது நம் கையில் இல்லை என்று சொல்லும். அதைக் கேட்டு அழாமல் நின்றால், எது நம் கையில் இருக்கிறது என்றும் சொல்லும். ரோபோவை மன்னித்துவிட்டேன். பரீட்சை வருகிறது. மைனஸ் குறியை இன்னும் தொலைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பரீட்சை வாரம் ஏ வாரம் இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்துவிட்டேன்.

போன வாரம் ஹூப்ளியிலிருந்து பழைய லாரி நண்பன் போன் செய்தான். எண்ணெய் மில்லில் வேலை இருக்கிறதாம், தங்க இடமும் உண்டாம். "உடனே வா மாப்ள" என்றான். முன்பென்றால் போனை வைப்பதற்குள் செருப்பு மாட்டியிருப்பேன்.

"இப்ப ஏ வாரம். அடுத்த வாரம் வந்து உன்னப் பாத்துட்டு, திரும்பிடுவேன்" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

சொன்னபடி போனேன். கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்தது, பை பக்கத்து வீட்டில். அதில் மித்ராவின் கவுனும் தட்டும் இருந்தன. போய்க் கேட்க மனசில்லை. ஜவுளிக் கடையில் கொடுத்த மஞ்சப் பை ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

மஞ்சப் பையில் இரண்டு நாள் துணிக்கு மேல் பிடிக்காது.